உட்கார்ற நோட்டு

ஜனவரி 11

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் சௌக்கியம், என் இடது முழங்காலைத் தவிர. அது மட்டும் தனிக்குடித்தனம் போன மாதிரி தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்கிறது. உன் கழுத்து வலி எப்படி? தலையணையை மாற்றினாயா, இல்லை இன்னும் அந்தப் பாறாங்கல்லில்தான் தலை வைக்கிறாயா?

ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று முழிப்பாய். நாம் ஃபோனில் ஆபீஸ் பேச்சை எடுத்தால் ஐந்தாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் "வை ஃபோனை" என்கிறோம். போன வருஷம் பிரிண்டர் விஷயத்தில் மூன்று வாரம் பேச்சுவார்த்தை இல்லை. நடுவில் அம்மாவுக்குத்தான் மண்டை காய்ந்தது. அதனால் இனிமேல் அம்மா சமாச்சாரம் ஃபோனில், ஆபீஸ் சமாச்சாரம் தபாலில். எவ்வளவு கோபமாக எழுதினாலும் ஒரு வாரத்தில் ஆறிப்போய்த்தான் வந்து சேரும்.

இப்போது விஷயம். நம் டோக்கன் மெஷினுக்கு எமன் வந்துவிட்டான். பொத்தானை அழுத்து, சீட்டு வரும், சிவப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார், மணி அடித்தால் எழுந்து போ. பதினான்கு வருஷமாக நான் விற்றுக்கொண்டிருப்பது இவ்வளவுதான். முந்நூற்று நாற்பது இடங்களில் நம் மெஷின் மணி அடிக்கிறது. இப்போது ஒரு பெரிய கம்பெனி ஆப் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது. வீட்டிலிருந்தே ஃபோனில் டோக்கன். மெஷினும் வேண்டாம், சீட்டும் வேண்டாம், முதல் வருஷம் இலவசம். கண் ஆஸ்பத்திரியில் பாதி மெஷின்களைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டார்கள். பெரிய டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல், "காலத்துக்குத் தகுந்த மாதிரி மாறணும்ல மேடம்" என்றார்.

இருபத்தாறு பேர் என்னை நம்பி இருக்கிறார்கள். திருகாணிக்கு இந்த வேலையை விட்டால் வேறு எதுவும் தெரியாது. (நம் சர்வீஸ்காரரைத்தான் சொல்கிறேன். பெயரைச் சொன்னால் அவருக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றாது.) நீ இந்தத் துறையில்தானே இருக்கிறாய். உனக்கு என்ன தோன்றுகிறது? ஒளிக்காமல் எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

&nbsp;

ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. தலையணையை மாற்றிவிட்டேன். கழுத்து இப்போது இரண்டு பக்கமும் திரும்புகிறது. முன்பெல்லாம் இடது பக்கம் யாராவது கூப்பிட்டால் முழுசாக வண்டி திருப்புகிற மாதிரி திரும்ப வேண்டியிருந்தது. உன் முழங்காலை டாக்டரிடம் காட்டினாயா? "நாளைக்கு, நாளைக்கு" என்று நீ சொல்வதை இங்கிருந்தே கேட்க முடிகிறது.

என் அறை ஜன்னலுக்கு எதிரே ஒரு கட்டடம் கட்டுகிறார்கள். வாரத்துக்கு ஒரு மாடி வளர்கிறது. காலையில் காப்பியோடு நின்று அதைப் பார்ப்பதுதான் என் பொழுதுபோக்கு. பக்கத்து வீட்டுக்காரர் தன் நாய்க்குப் பாட்டுப் பாடிக் காட்டுகிறார். நாய் எழுந்து போய்விடுகிறது.

ஆபீஸ் விஷயம்: பதறாதே. விலையைக் குறைத்து மட்டும் சண்டை போடாதே. இலவசத்தோடு யாரும் போட்டி போட முடியாது. முதல் மாடி போனது போகட்டும், தரைத்தளம் இன்னும் உன்னிடம்தானே இருக்கிறது. பொறுத்துப் பார்.

என் வேலை வழக்கம்போலத்தான். சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை.

அம்மாவுக்கும் அத்தானுக்கும் என் அன்பு. காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

தம்பி

&nbsp;

பிப்ரவரி 17

அன்புத் தம்பி,

ஒத்தடம் கொடுத்தேன். கால் நன்றி சொல்லவில்லை. மற்றபடி இங்கே குறை ஒன்றும் இல்லை. அம்மா உன் ஜன்னல் கட்டடத்தைப் பற்றி இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். "எத்தனை மாடி வந்துச்சுன்னு எழுதச் சொல்லு" என்கிறாள்.

நான் நாலு பக்கம் எழுதிக் கேட்டால் நீ நாலு வரி பதில் எழுதுகிறாய். அதிலும் இரண்டு வரி பொறுமை. பொறுத்தார் பூமி ஆள்வார், சரி. நான் பொறுத்துக்கொண்டிருந்தால் அந்த ஆப் ஊரையே ஆண்டுவிடும்.

அதனால் முடிவு செய்துவிட்டேன். நாமும் ஆப் போடுகிறோம். நம் சாஃப்ட்வேர் பெண்ணை உனக்குத் தெரியும், தடிமனான கண்ணாடி போட்டிருப்பாள், சோடாபுட்டி என்று கூப்பிட்டால் கோபப்படாமல் "என்ன மேடம்" என்பாள். அவள் ஆறு வாரம் கேட்டாள். நாலு வாரம் கொடுத்தேன். பல் டாக்டர் ஒருவர் வெள்ளோட்டம் பார்க்கச் சம்மதித்திருக்கிறார்.

இன்னொன்றும் செய்தேன். உட்கார்ற நோட்டை நிறுத்திவிட்டேன்.

உனக்கு அந்த வழக்கம் நினைவிருக்கும். நம் ஆள் யார் சர்வீஸுக்குப் போனாலும், "மெஷின் கம்பெனியிலிருந்து வந்திருக்கேன்" என்று நேரே உள்ளே நுழையக் கூடாது. எல்லாரையும் போல ஒரு டோக்கன் எடுத்து, உட்கார்ந்து, எண் வந்தபிறகுதான் எழுந்து போக வேண்டும். வந்தது எத்தனை மணி, எண் என்ன, கூப்பிட்டது எத்தனை மணி, உட்கார்ந்திருந்தபோது பார்த்தது என்ன, நாலையும் நோட்டில் எழுத வேண்டும். பதினோரு வருஷம் நடத்தினேன். ஒரு மெஷினைத் துடைக்க அரை நாள் ஆனது. இந்தப் போட்டியில் அந்தச் சொகுசுக்கு எல்லாம் இடமில்லை. "இனிமே நேரே போங்க, சரிபண்ணுங்க, வாங்க" என்று சொல்லிவிட்டேன்.  திருகாணி டீயை வாங்கி வைத்துவிட்டுக் குடிக்காமல் போனார். அவர் அகராதியில் அது பெரிய வசவு.

அறுபத்தொரு நோட்டு அலமாரியை அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் சோடாபுட்டிக்கு ஒரு மேஜை போடலாம். பழைய பேப்பர்காரரை வரச் சொல்லியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நாய் பாட்டுக் கற்றுக்கொண்டதா?

அக்கா

&nbsp;

பிப்ரவரி 25

அக்கா,

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். நோட்டுகளைப் போட்டுவிடாதே. ஒன்றைக்கூடப் போடாதே. பேப்பர்காரர் வந்திருந்தால் பின்னாலேயே ஓடு, கால் வலித்தாலும் பரவாயில்லை.

காரணம் கேட்காதே.

நான் நலம். நீங்கள் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். பதினோரு மாடி என்று அம்மாவிடம் சொல்.

தம்பி

&nbsp;

மார்ச் 27

அன்புத் தம்பி,

முதலில் உடம்பு: ஒருவழியாக மூட்டு டாக்டரிடம் போனேன். தேய்மானமாம். "வயசாகுதுல்ல" என்றார். "உங்களுக்கு ஆகலையா" என்று கேட்டுவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தேன். உன் கழுத்து, உன் வயிறு, உன் தூக்கம் மூன்றையும் பற்றித் தனித்தனியாக எழுது.

நோட்டுகள் பத்திரம். உன் கடிதம் வந்த அன்று காலையில்தான் பேப்பர்காரர் வந்து கட்டி வைத்திருந்தார். திருகாணி அவரை வாசலிலேயே வைத்து எடை சரியில்லை, தராசு சரியில்லை என்று ஒரு மணி நேரம் வம்பு வளர்த்துக்கொண்டிருந்தார். கொடுக்க மனசில்லை மனிதருக்கு. நான் போய், "வேண்டாம், அவிழ்த்துடுங்க" என்றதும் அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! அன்றைக்கு இரண்டு டீ குடித்தார்.

காரணம் கேட்காதே என்றாய். கேட்கவில்லை.

இப்போது நான் அசடு வழிந்த கதை. பல் டாக்டரிடம் நம் ஆப் வெள்ளோட்டம். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது. காலை ஏழு மணிக்கு நாற்பது பேர் வீட்டிலிருந்தே டோக்கன் எடுத்துவிட்டார்கள். சீக்கிரம் கூப்பிட்டுவிடுவார்களோ என்று முப்பத்தைந்து பேர் ஒன்பது மணிக்கே வந்து குவிந்துவிட்டார்கள். பத்து நாற்காலி. ஃபோன் இல்லாத பெரியவர் ஒருவர் கதவருகே நின்று, "நான் யாருக்கு அப்புறம்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். ஒருவருக்கும் தெரியவில்லை. பதினான்காம் எண்காரர் வீட்டில் ஷேவ் செய்துகொண்டிருந்தார். அவருக்காக எல்லாரும் காத்திருந்தார்கள். பல் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "மேடம், நான் பல்லைத்தான் பிடுங்குவேன், தலைமுடியைப் பிடுங்கிக்க வைக்காதீங்க" என்றார்.

ஆபீஸுக்குத் திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உன்னிடம் சொல்ல என்ன வெட்கம். பதினான்கு வருஷம் போச்சு என்றே நினைத்தேன்.

மூட்டு டாக்டரிடம் போனது அதற்கு மறுநாள். அங்கேயும் நம் மெஷின்தான். நிறுத்திவிட்ட சட்டம்தான், ஆனாலும் பழக்கம் விடவில்லை, டோக்கன் எடுத்து உட்கார்ந்தேன். இருபத்தாறு. உள்ளே போயிருந்தது பதினைந்து. பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண். குழந்தை கத்துகிறது, பசி. "எவ்ளோ நேரம் ஆகும்னு தெரிஞ்சா வெளியில போய் ஊட்டிட்டு வந்துடுவேன். போன நேரம் பார்த்துக் கூப்பிட்டுட்டாங்கன்னா?" என்கிறாள். ரிசப்ஷனில் கேட்டால், "உக்காருங்கம்மா, கூப்பிடுவோம்."

எனக்குத் தெரியும், தம்பி! அந்த டாக்டரைப் பற்றி நோட்டில் ஏழு வருஷக் கதை இருக்கிறது. ஒரு ஆளுக்கு ஆறு நிமிடம். செவ்வாய்க்கிழமை என்றால் எட்டு, அன்றைக்குக் கட்டுப் பிரிக்கிற நாள். பதினொன்றரைக்கு டீ குடிக்க எழுந்தால் கால் மணி நேரம் வரமாட்டார். அவள் எண் இருபது. அன்றைக்குச் செவ்வாய். மனசுக்குள் கணக்குப் போட்டேன். "நாற்பது நிமிஷம் ஆகும். நிதானமா போய்ட்டு வாம்மா" என்றேன். அவள் போய் ஊட்டி, குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டு முப்பத்தெட்டாவது நிமிடம் வந்து உட்கார்ந்தாள். மணி அடித்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டுமா? அவ்வளவுதான், அந்த அறை முழுக்க, "எனக்கு எவ்ளோ நேரம்மா? எனக்கு?" என்று என்னைச் சூழ்ந்துகொண்டது. ஒருத்தர் கையை நீட்டினார், ரேகை பார்க்கிறவள் என்று நினைத்துவிட்டார்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். நாம் விற்க வேண்டியது டோக்கன் எண் அல்ல, நேரம். சீட்டில் எண்ணுக்குக் கீழே ஒரு வரி: "உங்களுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது." அறுபத்தொரு நோட்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறோம். திருகாணி வாசிக்க, சோடாபுட்டி அடிக்கிறாள். அவர் கையெழுத்து அவருக்கு மட்டும்தான் புரியும். உட்கார்ற நோட்டுச் சட்டம் மறுபடி அமல்.

எப்படி இருக்கிறது யோசனை? நீ மெச்ச வேண்டும், இல்லாவிட்டால் திட்டவாவது வேண்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா

&nbsp;

மே 12

அன்புத் தம்பி,

நான் எழுதி ஆறு வாரம் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஃபோனில் அம்மாவிடம் "நல்லா இருக்கேன்மா" என்கிறாய், எனக்குக் கொடுப்பதற்குள் "மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய். அவ்வளவு மீட்டிங் நடக்கிற கம்பெனி எப்போதுதான் வேலை செய்யும்? உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அதை மட்டுமாவது சொல்.

இங்கே நல்ல செய்தி. புதுச் சீட்டு ஐம்பத்திரண்டு இடங்களில் ஓடுகிறது. கண் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் தானே கூப்பிட்டார். "கீழ சனங்க சீட்டைப் பார்த்துட்டு வெளியில போய்ட்டு சரியா வந்துடுறாங்க மேடம். மாடியில ஃபோனைப் பார்த்துக்கிட்டு அப்படியே நிக்கிறாங்க" என்றார். இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

இன்னொரு செய்தி. போன வாரம் அந்தப் பெரிய கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கெட்டித் தாள், தலைப்பில் பொன் நிறம். நம்மிடம் உள்ள "காத்திருப்பு நேரப் பதிவுகள்" அனைத்தையும் மொத்தமாக வாங்கிக்கொள்ள விருப்பமாம். அதற்கு அடுத்த வரியில் விளக்கம் வேறு: "தங்கள் நிறுவனத்தில் 'உட்கார்ற நோட்டு' எனப்படுபவை."

திருகாணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை மூன்று தடவை படித்தார். "இந்தப் பேரு இவங்களுக்கு எப்படிம்மா தெரியும்? நம்ம ஆபீஸ் தாண்டி யாருக்கும் தெரியாதே" என்றார்.

"யாராவது பேச்சுவாக்குல சொல்லியிருப்பாங்க" என்றேன்.

கடிதத்தை வாங்கி மடித்து மேஜை டிராயரில் வைத்தேன்.  இன்னும் பதில் போடவில்லை.

கட்டடம் எத்தனை மாடி ஆயிற்று என்று அம்மா கேட்கிறாள். வெயில் நேரத்தில் நிறையத் தண்ணீர் குடி. கழுத்தை வளைத்துக்கொண்டு உட்காராதே.

என்றும் உன்
அக்கா

&nbsp;

மே 26

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுக்குத்தான்.

இந்தக் கடிதத்தை எட்டுத் தடவை எழுதிக் கிழித்திருக்கிறேன். ஒன்பதாவது இது. நேரே சொல்லிவிடுகிறேன். நான் அந்தக் கம்பெனியில்தான் வேலை செய்கிறேன். பதினாறு மாதம் ஆகிறது. அந்த ஆப் எழுதிய குழுவில் நான் ஒருத்தன். எங்கே சேர்கிறேன் என்று வீட்டில்கூடச் சொல்லக் கூடாது என்று சேரும்போதே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அப்போது அது வேறு எங்கோ ஓடப்போகிற ஆப். போன டிசம்பரில் ஊர்ப் பட்டியலைச் சுவரில் காட்டினார்கள். முதல் வரியில் உன் ஊர். முதல் இடம் உன் கண் ஆஸ்பத்திரி. கையில் இருந்த காப்பி சட்டையில் கொட்டிவிட்டது, எல்லாரும் சிரித்தார்கள்.

"ஒளிக்காமல் எழுது" என்று நீ எழுதிய வரியை மடித்துப் பர்ஸில் வைத்திருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு உனக்கு நாய்ப் பாட்டு எழுதினேன்.

நோட்டு விஷயம். எங்கள் ஆப்புக்கு எல்லாம் தெரியும், ஒன்றைத் தவிர: ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது. எண் வருகிறது, மனிதர்கள் எப்போது வருவது என்று தெரியாமல் திண்டாடுகிறார்கள். நீ பல் டாக்டரிடம் பட்ட பாட்டை நாங்கள் தினமும் ஐந்நூறு இடங்களில் படுகிறோம். அது தெரிந்ததால்தான் நோட்டைப் போடாதே என்று தபால் அனுப்பினேன். அதை எழுதியதே என் கையெழுத்துக்குத் துரோகம். ஆனால் கை கேட்கவில்லை.

ஏப்ரலில் ஒரு மீட்டிங். இதற்கு என்னதான் வழி என்று எல்லாரும் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உன் மார்ச் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. என்னை அறியாமல் வாயை விட்டுவிட்டேன். "உட்கார்ந்து பார்க்கணும். எங்க அக்கா ஆபீஸ்ல உட்கார்ற நோட்டுன்னு ஒண்ணு உண்டு." பெருமையாகச் சொன்னேன், அக்கா. சொன்ன பிறகுதான் உறைத்தது. மேனேஜர் அம்மா அந்த வார்த்தையை அப்படியே எழுதிக்கொண்டார். யார் அக்கா, என்ன ஆபீஸ் என்று கேட்டார். சொன்னேன். உனக்குக் கடிதம் போகும் என்று எனக்குத் தெரியும். தடுக்கவும் முடியவில்லை, உனக்குச் சொல்லவும் முடியவில்லை. அதனால்தான் ஆறு வாரம்.

இப்போது உனக்கு எழுத அனுமதி கேட்டு வாங்கியிருக்கிறேன். வேலையை விட்டுவிடட்டுமா? நீ ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். நோட்டை விற்பதும் விற்காததும் உன் இஷ்டம். என்னோடு பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

காலைப் பார்த்துக்கொள். அம்மாவிடம் இதைச் சொல்வதும் உன் இஷ்டம்தான்.

உன் தம்பி

&nbsp;

ஜூன் 9

அடே தம்பி,

வேலையை விடுகிறாயாமே? உதை விழும். நல்ல வேலை, நல்ல மேனேஜர், நாலு பேர் மதிக்கிற இடம். நான் சொன்னேன் என்று விட்டுவிட்டு இங்கே வந்து என் சோஃபாவில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பாய். அதற்கு நான் தயாராக இல்லை.

எனக்குப் பிப்ரவரியிலேயே தெரியும்.

உன் முதல் கடிதத்தை நினைத்துப் பார். "முதல் மாடி போனது போகட்டும், தரைத்தளம் உன்னிடம்தானே" என்று எழுதியிருந்தாய். நான் கண் ஆஸ்பத்திரியில் "பாதி மெஷின்" என்றுதான் எழுதினேன், எந்த மாடி என்று எழுதவில்லை. அது அந்த ஆப் கம்பெனிக்காரனுக்குத்தான் தெரியும். உறை ஒட்டுவதற்கு முன் ஒரு தடவை படித்துப் பார்க்கிற பழக்கம் பள்ளிக்கூடத்திலும் உனக்குக் கிடையாது. அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது, பொய் சொல்லமாட்டேன். பாத்திரம் இரண்டு உருண்டது. உன் அத்தான் ஒன்றும் கேட்காமல் எடுத்து வைத்தார். என் அடுத்த கடிதத்தில் உன் நாலு வரியைக் குத்திக்காட்டியிருந்தேனே, அந்தக் கோபம்தான். அப்புறம் விரைவுத் தபால் வந்தது. என் தம்பி அங்கே இருந்துகொண்டு இதைச் சொல்கிறான், எதை அடகு வைத்துச் சொல்கிறானோ என்று அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சரிதான். கேட்டால் நீ வாக்கு மீற வேண்டிவரும். அதனால்தான் கேட்கவில்லை. இந்த அக்காவுக்கு வாயை மூடிக்கொண்டிருக்கவும் தெரியும் என்பதைக் குறித்து வைத்துக்கொள், அடிக்கடி நடக்காது.

அம்மாவிடம் சொன்னேன். "அப்போ ரெண்டு கம்பெனியும் நம்மளுதுதான்னு சொல்லு" என்றாள்.

இப்போது வியாபாரம். நோட்டு விற்பனைக்கு இல்லை. இன்றே உங்கள் கம்பெனிக்கும் எழுதிப் போட்டுவிட்டேன். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. ஃபோனில் டோக்கன் எடுக்கிற வசதியை உங்களைப் போல நான் செய்ய முடியாது. செய்து பார்த்து மூக்கு உடைந்ததுதான் மிச்சம். எவ்வளவு நேரம் ஆகும் என்பதை என்னைப் போல நீங்கள் சொல்ல முடியாது. ஃபோனில் எடுத்தாலும் மெஷினில் எடுத்தாலும் ஒரே வரிசை. டோக்கன் உங்களுடையது, நேரம் என்னுடையது. மெஷின் கழற்றப்படக் கூடாது, ஃபோன் இல்லாத பெரியவர் கதவருகே நிற்கக் கூடாது. நோட்டு என் அலமாரியில்தான் இருக்கும், எழுதுவதும் என் ஆட்கள்தான். சம்மதமானால் பேச வாருங்கள்.

பேச நீயும் வந்தால் ஒன்று. உன் கம்பெனி உனக்குச் சோறு போடுகிறது. அந்தப் பக்கம் உட்கார்ந்தால் முழுசாக அந்தப் பக்கமே பேசு. எனக்காக ஒரு அங்குலம் விட்டுக்கொடுத்தாய் என்று தெரிந்தால் அப்போதுதான் பேச்சை நிறுத்துவேன்.

வயிறு நிறையச் சாப்பிடு. எட்டுக் கடிதம் கிழித்தவன் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டான்.

உன் அக்கா

&nbsp;

ஜூன் 30

அன்புள்ள அக்கா,

சாப்பிட்டேன். உன் கடிதத்தைப் படித்த அன்று இரண்டு ஆள் சாப்பாடு. கழுத்து, வயிறு, தூக்கம் மூன்றும் சௌக்கியம். நீ தனித்தனியாகக் கேட்டதால் சொல்கிறேன்.

மேனேஜர் அம்மா உன் பதிலைப் படித்துவிட்டு, "உங்க அக்கா நம்ம கம்பெனிக்கு வேலைக்கு வருவாங்களா?" என்று கேட்டார். அவரும் வக்கீலும் நானும் வருகிறோம், ஜூலை 18. நீ என் அக்கா என்று எழுத்தில் பதிவு செய்துவிட்டேன். முடிவெடுக்க எனக்கு உரிமை இல்லை, கேட்டால் விவரம் மட்டும் சொல்லலாம். அதுவே நிம்மதி.

ஒரே ஒரு பயம். அங்கே உன்னை எப்படிக் கூப்பிடுவது? "அக்கா" என்றால் வக்கீல் முறைப்பார். "மேடம்" என்றால் நீ சிரித்துவிடுவாய். நீ சிரித்தால் நானும் சிரித்துவிடுவேன்.

ராத்தங்கலுக்கு மற்ற இருவருக்கும் ஓட்டல் போட்டிருக்கிறார்கள். எனக்கு உன் சோஃபா போதும், உன் கோபம் ஆறியிருந்தால்.

கட்டடம் முடிந்துவிட்டது. மொத்தம் இருபத்தாறு மாடி. நேற்றுத்தான் ஆட்கள் குடிவந்தார்கள்.

மாத்திரையை மறக்காதே.

தம்பி

&nbsp;

ஜூலை 25

அன்புத் தம்பிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று அம்மா சொன்னாள். சோஃபாவில் உன் கண்ணாடிக் கூடு கிடக்கிறது, தனியாக அனுப்பியிருக்கிறேன். நீ வந்துபோனதிலிருந்து என் கால்கூடக் கொஞ்சம் சொன்னபடி கேட்கிறது.

ஒப்பந்தத்தில் நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அன்றைக்கு நீ எதிர்ப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, "மேடம், சின்ன ஊர்களுக்கு நோட்டே இல்லையே, அதற்கு என்ன செய்வீங்க?" என்று கேட்டாய் பார், எனக்குச் சுருக்கென்றது. நல்ல கேள்வி. நாலு பேரைப் புதிதாக எடுக்கச் சம்மதிக்க வைத்ததே அந்தக் கேள்விதான். அவர்கள் வேலை உட்கார்வதும் எழுதுவதும்தான். திருகாணி அவர்களுக்குத் தலைவர். இப்போது டீயை அவருக்கு மேஜைக்கே கொண்டுவர வேண்டுமாம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்களை வாசலில் டோக்கன் எடுக்கச் சொன்னது என் குறும்பு இல்லை. இங்கே இப்போது யார் வந்தாலும் அதுதான் சட்டம். நம் ரிசப்ஷனுக்கே திருகாணி ஒரு நோட்டுப் போட்டுவிட்டார், வருகிறவர்களே எழுத வேண்டும். உங்களுக்கு முன்னால் நிஜமாகவே ஆறு பேர் இருந்தார்கள். சீட்டில் நாற்பது நிமிடம் என்று வந்தது, கூப்பிட்டது நாற்பத்து மூன்றாவது நிமிடம். வக்கீல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாராமே. "மூணு நிமிஷம்தான் பிசகு. நம்ம ஆப் அரை மணி நேரம் பிசகும்" என்று உங்கள் மேனேஜர் அம்மா உள்ளே வந்ததும் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே என் பாதி வேலையை அந்த நாற்காலி முடித்துவிட்டது.

நேற்றுச் சாயங்காலம் சோடாபுட்டி அந்த நோட்டை ஏற்ற எடுத்தாள். திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வாங்கிப் பார்த்தேன். உன் கோழிக் கிறுக்கல்.

"வந்தது 10.05. எண் 7. கூப்பிட்டது 10.48. பார்த்தது: மேடம் கதவைக் கொஞ்சமாகத் திறந்து இரண்டு தடவை எட்டிப் பார்த்தார்."

நோட்டில் தப்பான தகவல் இருக்கக் கூடாது, தம்பி. பதினோரு வருஷச் சட்டம். அதனால் அடித்துத் திருத்தி, பக்கத்தில் என் கையெழுத்தும் போட்டுவிட்டேன். மூன்று தடவை. நடுவில் ஒரு தடவை நீ கழுத்தைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாய்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் அக்கா